‘இருந்தானாம்’ என்னும் முதற்சொல்

நம் வீட்டு மூதாட்டியர் கதை சொல்லத் தொடங்குங்கால், ‘ஓர் ஊரிலே ஒரு ராஜா இருந்தான்’ என்று சொல்வதில்லை. ‘இருந்தானாம்’ என்றே சொல்வர். அந்த ‘ஆம்’ மிகச் சிறிய சொல். ஆயினும் அது தாங்கும் பொருள் பெரிது. ‘இதனை நான் கண்டேனில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், இதற்கு நான் சாட்சியும் அல்லேன்’ என்னும் மூன்று உண்மைகளையும் அவ்வோர் அசை கேட்பவனுக்கு உணர்த்திவிடுகிறது. கதையைத் தொடங்கு முன்னரே கதை தன்னைக் கதையென்று ஒப்புக்கொள்கிறது.

அரபு நாடுகளின் மூதாட்டியரும் இவ்வாறே செய்கின்றனர். ‘கான யா மா கான்’ என்பது அவர்கள் கதையின் வாயிற்படி. இதிலுள்ள ‘மா’ என்னும் இடைச்சொல்லை எதிர்மறையாகக் கொண்டால் ‘இருந்தது, இல்லாமலும் இருந்தது’ என்று பொருள்படும். வியப்பின்கண் வந்ததாகக் கொண்டால் ‘எத்தனை எத்தனையோ இருந்தன’ என்றாகும். பாரசீகத்தார் ‘யெகீ பூத், யெகீ நபூத்’ என்பர். ஒருவர் இருந்தார், ஒருவர் இருந்ததில்லை என்பது அதன் பொருள். துருக்கியரின் தொடக்கமும் ‘ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம்’ என்பதே. மொழிகள் வேறு, குடும்பங்கள் வேறு, ஆனால் கதையின் முதல் வாக்கியம் எங்கும் ஒரே பணியைச் செய்கிறது.

இம்முதல் வாக்கியத்தைப் பணிவின் அடையாளம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அரபுக் கதையிலக்கியத்தின் வரலாற்றை நோக்கினால் வேறோர் உண்மையும் புலனாகிறது. ‘இது உண்மையன்று’ என்று முதலிலேயே சொல்லிவிட்டதனால்தான், அரசனை எதிர்த்து நின்ற அடிமையையும், கொலைவாளின் முன் வாய்திறந்த பெண்ணையும், மனிதன்மேல் வழக்குத் தொடுத்த விலங்கையும் அவ்விலக்கியம் அச்சமின்றிப் படைக்க முடிந்தது. அடக்கமான தொடக்கத்துக்கும் அடங்காத வீரர்க்கும் உள்ள இவ்வுறவே இக்கட்டுரையின் பொருள்.

அறிவிப்பும் கதையும்

இஸ்லாமியக் கல்வி மரபில் ஒரு செய்தியின் முதற்பகுதி அதன் உயிர்நாடி. ஒரு நபிமொழியைச் சொல்லுமுன், யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் ‘இஸ்னாத்’ என்ற அறிவிப்பாளர் தொடர் கூறப்படவேண்டும். அத்தொடரில் ஒருவர் பொய்யரெனத் தெரிந்தாலும், மறதியாளரெனத் தெரிந்தாலும், செய்தியின் மதிப்பு வீழ்ந்துவிடும். அறிஞர் பெருமக்கள் பல்லாயிரம் அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து ஒரு தனிக்கலையையே உருவாக்கினர்.

கதையோ இத்தொடரை வேண்டுமென்றே துறந்து நிற்கிறது. ‘கலீலா வ திம்னா’வில் கதைகள் பெரும்பாலும் ‘ஸஅமூ’ என்ற சொல்லோடு தொடங்குகின்றன. ‘அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்பது அதன் பொருள். அவர்கள் யாவர்? பெயர் இல்லை. ஆதாரம் உறுதிப்படாத கூற்றைக் குறிக்கவே இவ்வினைச்சொல் பெரிதும் வழங்கும். குர்ஆனிலும் நிராகரிப்போரின் ஆதாரமற்ற கூற்றுக்கு இது வந்துள்ளமை ஓதியவர் அறிந்ததே. ஆகவே ‘ஸஅமூ’ என்று தொடங்குபவன், கேட்பவனை ஏமாற்ற எண்ணவில்லை. நம் ‘ஆம்’ செய்யும் பணியையே அது செய்கிறது.

உலமாக்கள் கதைசொல்வோரைக் கண்டித்தனர் என்பது உண்மை. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த பக்தாது அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ, இத்தகையோரைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அவர் எதைக் கண்டித்தார் என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். பள்ளிவாசலில் அமர்ந்து, தாம் புனைந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள்மீது ஏற்றிச் சொல்லி, மக்களிடம் காசு பெற்றவர்களையே அவர் பெரிதும் சாடினார். இதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகச் சொல்லப்படும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் (ரஹ்) யஹ்யா இப்னு மயீனும் (ரஹ்) பக்தாதின் ருஸாஃபாப் பள்ளியில் தொழுதபின் அமர்ந்திருந்தனர். கதைசொல்வோன் ஒருவன் எழுந்து, அவ்விருவரும் தனக்கு அறிவித்ததாகவே கூறி, ஒரு வியத்தகு பறவையைப் பற்றிய பொய்ச்செய்தியை அடுக்கினான். யஹ்யா அவனை அழைத்து, அவ்விருவரும் நாங்களே என்றார். அவனோ சிறிதும் கலங்காமல், உலகில் அப்பெயர்களை உடையவர் நீங்கள் இருவர் மட்டுந்தானா என்று கேட்டானாம்.

இந்நிகழ்ச்சியிலும் ஒரு சுவை உண்டு. இதனை அறிவித்தவரை ஆராய்ந்த இமாம் தஹபீ (மறைவு கி.பி. 1348), அவர் இன்னாரென அறியப்படாதவர் என்றும், இது அவரது புனைவாகவே இருக்கக்கூடும் என்றும் ஐயுற்றார். பொய்யனைக் கண்டிக்கும் கதையே பொய்யாக இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அக்கலை நேர்மை உடையதாயிருந்தது. அதன் கண்டனம், உண்மையின் உடையை அணிந்து வந்த பொய்யின் மீது பாய்ந்தது. ‘நான் கதை’ என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததன் நிலை வேறு.

ஒரே தாளில் இரண்டு எழுத்துகள்

இவ்விருவகைச் சொல்லும் அருகருகே நிற்கும் ஒரு தாள் இன்றும் உள்ளது. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனம் எகிப்திலிருந்து பெற்ற பழந்தாள்களுள் அது ஒன்று. அதனைப் படித்து 1949இல் வெளியிட்டவர் நபியா அப்பாட் என்னும் பெண் அறிஞர். ஆயிரம் இரவுகளின் கதைகளைக் கொண்ட நூல் என்னும் தலைப்பும், அதனைத் தொடர்ந்து நூலின் முதற்சில வரிகளும் அத்தாளில் இருந்தன. உலகப்புகழ் பெற்ற அந்நூலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே. எஞ்சியிருப்பது நூலின் நடுவோ முடிவோ அன்று, தொடக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வரிகளில் அரசனின் குரல் கேட்கவில்லை. தீனாஸாத் என்பவள் ஷீராஸாத் என்பவளை விளித்து, உறங்காதிருந்தால் வாக்களித்த கதையைச் சொல்லுமாறு வேண்டுகிறாள். மனிதரின் நிறைகளும் குறைகளும், அறிவும் பேதைமையும், ஈகையும் கருமித்தனமும், வீரமும் கோழைமையும் அக்கதையில் வரவேண்டும் என்று கேட்கிறாள். அக்கேள்வியோடு தாள் நின்றுவிடுகிறது.

இத்தாள் எவ்வாறு பிழைத்தது? நூல் சிதைந்தபின், அஹ்மத் இப்னு மஹ்ஃபூஸ் என்பவர் அதன் வெற்றிடங்களையும் ஓரங்களையும் எழுதிப் பழகப் பயன்படுத்திக்கொண்டார். அவர் எழுதிப் பழகியது நீதிமன்றச் சாட்சிய வாசகம். இன்னார் மகன் இன்னார் சாட்சி கூறுகிறார் என்று தம் பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதி, ஹிஜ்ரி 266 ஸஃபர் மாதம் என்று காலத்தையும் குறித்தார். அது கி.பி. 879 அக்டோபர். அவர் இட்ட அத்தேதியால்தான், கதைநூல் அதற்கும் முற்பட்டது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பெயரும் நாளும் தாங்கிய சாட்சியம் ஒருபுறம். பெயரோ நாளோ இல்லாத கதை மறுபுறம். ஆயிரத்து நூறு ஆண்டுகளாக இரண்டும் ஒரே தாளில் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்ந்துவருகின்றன.

இது நடந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், ஹிஜ்ரி 279இல் (கி.பி. 892), பக்தாதின் தெருக்களிலும் பெரிய பள்ளிவாசலிலும் கதைசொல்வோரும் சோதிடரும் அமரக்கூடாதென அரசாணை பிறந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். கதைக்கு அரசு அஞ்சியது. அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது.

வாளில்லாத வீராங்கனை

கதைநூலின் கட்டமைப்பு யாவரும் அறிந்ததே. மனைவியின் துரோகத்தால் மனம் திரிந்த அரசன், நாள்தோறும் ஒரு கன்னியை மணந்து மறுநாட் காலை கொல்கிறான். அமைச்சன் மகள் ஷஹ்ரஸாத் தானே முன்வந்து அவனை மணக்க விரும்புகிறாள். தந்தை தடுக்கிறார். எருதும் கழுதையும் பற்றிய கதையைச் சொல்லி அவளை அடக்கப் பார்க்கிறார், அவள் இணங்கவில்லை. முதலில் அவள் மீறுவது அரசனின் கட்டளையையன்று, அன்புள்ள தந்தையின் சொல்லை. பிற பெண்களை மீட்பது, இயலாவிடில் அவர்களுள் ஒருத்தியாக மடிவது என்பது அவள் துணிவு.

அவள் அரசனுக்குச் சொன்ன முதற்கதை எது? வணிகன் ஒருவன் பேரீச்சங்கொட்டையை எறிகிறான். அது கண்ணுக்குத் தெரியாத ஜின்னின் மகன்மீது பட்டு அவன் இறக்கிறான். பழிவாங்க ஜின் வாளுடன் நிற்கிறது. வழியில் வந்த மூன்று முதியவர்கள் ஆளுக்கொரு வியத்தகு கதை சொல்லி, வணிகனின் குருதியை மூன்றில் ஒரு பங்காகப் பெற்று மீட்கின்றனர். கொல்லத் துணிந்தவனிடமிருந்து ஓர் உயிரைக் கதையால் மீட்கலாம் என்பதை, கொல்லத் துணிந்தவன் முன்னாலேயே அவள் கதையாகச் சொல்லிவிட்டாள். அடுத்து வரும் மீனவன் கதைக்குள், தன்னைக் குணப்படுத்திய மருத்துவனையே கொன்ற யூனான் மன்னன், அம்மருத்துவன் விட்டுச்சென்ற நூலின் நஞ்சு தடவிய ஏடுகளைப் புரட்டி மாய்கிறான். இதனை நேர்முகமாகச் சொல்லியிருந்தால் அன்றிரவே அவள் தலை உருண்டிருக்கும். ‘எனக்கு எட்டிய செய்தி’ என்ற அளவில் தொடங்கி, கேட்பவனை நற்பேறுடைய மன்னனென்று போற்றிவிட்டுச் சொன்னமையால், அவன் மறுநாளும் கேட்க விரும்பினான்.

பக்தாதின் நூல்வணிகர் இப்னு நதீம், கி.பி. 987இல் தொகுத்த தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூற்பட்டியலில், இக்கதைகளின் பாரசீக மூலமான ‘ஹஸார் அஃப்ஸான்’ பற்றிக் குறித்துள்ளார். அதனைப் பலமுறை முழுமையாகப் பார்த்ததாகவும், அது சுவையற்ற நூலே என்றும் அவர் எழுதினார். கற்றோரின் தீர்ப்பு அவ்வாறிருக்க, மக்கள் அதனை விடவில்லை. 1704 முதல் 1717 வரை காலான் என்பவர் அதனைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டபின் உலகமும் விடவில்லை.

விலங்கின் வாயில் உண்மை

‘கலீலா வ திம்னா’வை அரபுக்குத் தந்த இப்னு முகஃப்பஃ, பாரசீகக் குடியிற் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அரசாங்க எழுத்தர். நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியாக அவர் கைக்குச் சென்றது. அந்நூலின் முன்னுரையொன்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தப்ஷலீம் என்னும் இந்திய அரசன் கொடுங்கோலனாகிறான். பைதபா என்னும் ஞானி அவன் முன் சென்று நேரே அறிவுரை கூறுகிறார், சிறையில் அடைக்கப்படுகிறார். பின்னர் அரசன் மனம் மாறி அவரை விடுவிக்கிறான். அதன்பின் ஞானி எழுதிய நூலில் சிங்கமும் நரியும் எருதும் பேசுகின்றன. நேர்ச்சொல் சிறைக்கு வழிகாட்டியது. கதைச்சொல்லோ அரசவையில் இடம்பெற்றது.

இப்னு முகஃப்பஃவின் முடிவு இப்பாடத்தைக் குருதியில் எழுதியது. கலீபா மன்சூருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற அவருடைய சிற்றப்பா அப்துல்லாஹ் இப்னு அலீக்கு ஓர் அபயப் பத்திரம் எழுதவேண்டியிருந்தது. அதனை இப்னு முகஃப்பஃ எழுதினார். கலீபா வாக்குத் தவறினால் அவர் மனைவியர் மணவிலக்குப் பெற்றவராவர், அடிமைகள் உரிமை பெறுவர், மக்கள் அவருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற அளவுக்கு நிபந்தனைகளை இறுக்கிவிட்டார். கலீபா சினந்தார். கி.பி. 757ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஸராவின் ஆளுநர் அவரைக் கொடிய முறையில் கொன்றார். நரியின் வாயில் அரசியல் பேசியபோது அவர் உயிரோடிருந்தார். பெயர் சுட்டி, சட்டச்சொல்லால், ‘ஆம்’ இல்லாமல் எழுதிய பத்திரம் அவருடைய உயிரைக் குடிக்கத் துணைநின்றது.

அதே பஸராவில் பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய ‘இக்வானுஸ் ஸஃபா’ குழுவினர், தம் நிருபங்களுள் இருபத்திரண்டாவதில் இன்னும் துணிந்தனர். ஜின்களின் அரசன் ஆளும் தீவில் மனிதர்கள் கரையொதுங்குகின்றனர். அங்கே உரிமையோடு வாழ்ந்த விலங்குகளை அடிமைப்படுத்த முயல்கின்றனர். விலங்குகள் அரசனிடம் முறையிடுகின்றன. கோவேறு கழுதையும் ஒட்டகமும் யானையும் முயலும் பறவைகளும் தேனீயும் தத்தம் இனத்துக்காகப் பேசுகின்றன. சுமையும் சூடும் கசாப்பும் ஒவ்வொன்றாக மனிதன் முன் வைக்கப்படுகின்றன. மனிதன் தன் மேன்மைக்குச் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. மறுமையும் கணக்கும் தனக்கு உண்டு என்னும் ஒன்றே இறுதியில் மனிதனுக்குத் துணைநிற்கிறது. எசமானன்மீது ஊழியன் தொடுக்கும் வழக்கை, விலங்கென்னும் திரையின்றி அக்காலத்தில் எழுதியிருக்க முடியுமா என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடிமையின் மகன்

அன்தரா இப்னு ஷத்தாத் வரலாற்றில் வாழ்ந்தவர். இஸ்லாத்துக்கு முற்பட்ட ஆறாம் நூற்றாண்டில், அப்ஸ் குலத்தில், அபிசீனிய அடிமைத்தாய் ஸபீபாவுக்குப் பிறந்தவர். கஅபாவில் தொங்கவிடப்பட்டவை என்று வழங்கும் முஅல்லகாப் பாடல்களுள் ஒன்று அவருடையது. அப்பாடல், முன்னோர் பாடாமல் விட்டுவைத்த இடம் ஏதேனும் உண்டா என்னும் கேள்வியோடு தொடங்குகிறது. குலம் தாக்கப்பட்டபோது தந்தை அவரைப் போரிடச் சொன்னார். பால் கறப்பதும் மடி கட்டுவதுமே அடிமைக்குத் தெரியும், போர் தெரியாது என்று அவர் மறுத்தார். உரிமை தந்தேன், தாக்கு என்று தந்தை சொன்னபின்னரே வாளெடுத்தார் என்பது பழஞ்செய்தி. மறுப்பே அவர் விடுதலையின் முதற்படியாயிற்று.

அவரை வைத்துப் பிற்காலத்தார் புனைந்த ‘ஸீரத்து அன்தர்’ பல தொகுதிகள் கொண்ட பெருங்கதை. அதற்குச் சொல்லப்படும் அறிவிப்பாளர் யார் தெரியுமா? ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த பஸராவின் மொழியறிஞர் அஸ்மஈ. அன்தராவின் காலத்தை அவர் எப்படி அறிந்தார் என்ற கேள்வி எழுமல்லவா? அதற்காகக் கதை அவருக்கு 670 ஆண்டு ஆயுளை வழங்கிவிடுகிறது! இஸ்னாதின் உடையை அணிந்துகொண்டே கண்சிமிட்டும் வேலை இது. கேட்டவர் சிரித்திருப்பர், ஆனால் வீரனை விட்டுவிடவில்லை. கறுத்த நிறத்தால் இகழப்பட்டவன் அப்லாவை மணக்க நுஃமான் மன்னனின் அரிய ஒட்டகங்களைத் தேடிச் செல்வதும், இறக்குந்தறுவாயில் குதிரைமேல் ஈட்டியூன்றி அமர்ந்து, தன் உயிரற்ற உருவத்தாலேயே பகைவரைத் தடுத்துக் குலத்தாரைத் தப்பவிடுவதும் அவர்கள் நெஞ்சில் நின்றன.

ஹதீஸ் அறிஞரும் வரலாற்றாசிரியருமான இப்னு கதீர் (மறைவு கி.பி. 1373) இத்தகைய கதைகளைப் பொய்யென்று கடிந்தார். வரலாற்றாசிரியர் என்ற முறையில் அது அவர் கடமை. மக்களோ அவற்றைக் காப்பிக்கடைகளில் கேட்டனர். 1836இல் எகிப்தியரின் வாழ்க்கையை நூலாக வெளியிட்ட லேன் என்னும் ஆங்கிலேயர், கெய்ரோவில் அபூ ஸைத் கதையைப் பாடுவோர் சுமார் 50 பேர், ஸாஹிர் பைபர்ஸ் கதையைச் சொல்வோர் சுமார் 30 பேர், அன்தர் கதையைப் படிப்போர் 6 பேர் என்று கணக்கெழுதினார். அந்தப் பைபர்ஸும் விலைக்கு வாங்கப்பட்ட அடிமையே. 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் அவர். தம்முன் ஆண்ட குதுஸைக் கொன்று அரியணை ஏறியவர் என்பது வரலாறு. கதையிலோ அவர் எளியோரை வருத்தும் அதிகாரிகளை ஒடுக்கும் காவலர். தலைமைக் காளியாக வேடமிட்டு அமர்ந்திருக்கும் பகைவனே அவருடைய பெரிய எதிரி. ஆட்சியாளர் எப்படி இருந்தனர் என்பதை வரலாறு சொன்னது. எப்படி இருந்திருக்கவேண்டும் என்று மக்கள் ஏங்கியதைக் கதை சொன்னது.

நம் கடமை

இத்தகைய கதைகளைப் பிள்ளைகளுக்குத் தரலாமா என்று ஐயுறும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயிரத்தோர் இரவுகளில் சிறுவர் படிக்கத்தகாத பகுதிகள் உள்ளன. அவற்றை நீக்கித் தருவது பெரியோர் பொறுப்பு. ஆனால் முழுநூலையும் ஒழிக்க முனைவது வேறு. 1985இல் கெய்ரோவில் ஒரு நீதிமன்றம் அந்நூலின் முழுப்பதிப்பைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அவ்வாணை நீக்கப்பட்டது.

நாம் உண்மையில் அஞ்சவேண்டியது எதற்கு? ‘ஆம்’ என்று சொல்லாத பொய்க்கே. பெருமானார் (ஸல்) அவர்கள் பெயரால் ஆதாரமின்றிப் பரப்பப்படும் துண்டுச் செய்திகளும், கைப்பேசி வழியே கைமாறும் அற்புதச் செய்திகளும் ருஸாஃபாப் பள்ளியில் எழுந்து நின்றவனின் வழித்தோன்றல்கள். அவற்றை நம் வீடுகளில் ஆராயாமல் ஏற்கிறோம். ‘கான யா மா கான்’ என்று நாணயமாகத் தொடங்கும் கதையையோ ஐயக்கண் கொண்டு நோக்குகிறோம். முறை தலைகீழாகிவிட்டது.

பிள்ளைக்கு இரண்டையும் கற்பிக்கவேண்டும். ஒரு செய்தியைக் கேட்டால், யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்கும் பழக்கம் ஒன்று. கதையைக் கேட்டால், அதற்குள் ஒளிந்திருக்கும் நீதியின் குரலைக் கேட்கும் காது மற்றொன்று. ‘இருந்தானாம்’ என்பதற்கும் ‘இருந்தான்’ என்பதற்கும் வேறுபாடு அறிந்த பிள்ளையை எந்தப் பொய்யனும் எளிதில் ஏமாற்ற இயலாது. அப்பிள்ளை அன்தராவின் மறுப்பையும் ஷஹ்ரஸாதின் துணிவையும் கேட்டு வளருமானால், அநீதியின் முன் என்ன சொல்வதென்று பின்னாளில் தடுமாறவும் மாட்டாது. இரவில் கதை கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சிறிய ‘ஆம்’ விடுபடாமல் கதை சொல்லுங்கள்.